தப்படியின் தலையை எங்கே வெட்டுவது: கிளிப்பிங்கில் நாம் செய்யும் தவறுகள்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து முளைப்பாரித் திருவிழாவுக்கு ஒரு பாட்டு செய்து கொடுத்தேன். தப்பு, உறுமி, நாதஸ்வரம், பெண்களின் கும்மித் தட்டு, அடியில் ஒரு 808 பேஸ் (டிரம் மெஷினிலிருந்து வந்த ஆழமான பேஸ் ஒலி). மதுரையில் என் அறையில் ஹெட்போனில் கேட்டபோது நெஞ்சில் இடித்தது. திருவிழா அன்று மைக் செட்டில் ஓடியதும் எல்லாம் ஒரே இரைச்சலாகச் சேர்ந்துகொண்டது. மைக் செட் போட்ட அண்ணன், "தம்பி, சத்தம் நிறையா இருக்கு, ஆனா அடி விழுக மாட்டேங்குதே" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. மாஸ்டரில், அதாவது எல்லா டிராக்கும் சேர்ந்து வெளியே போகும் கடைசி இடத்தில், கிளிப்பர் போட்டு 6 டெசிபல் வெட்டியிருந்தேன், வெட்டுப்பட்டது முழுக்க அந்த அடிதான்.

கிளிப்பர் செய்வது ரொம்ப எளிய வேலை. அலை ஒரு மட்டத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதியை வெட்டிவிடும், அவ்வளவுதான். லிமிட்டர் மாதிரி மொத்தச் சத்தத்தையும் இறக்கி மறுபடி ஏற்றாது. தப்பில் சுண்டு குச்சி படும்போது முதல் ஒன்றிரண்டு மில்லி செகண்டில் ஒரு கூர்மை எழும்பும், அதன் நுனியை மட்டும் சீவினால் காதுக்குப் பெரிதாகத் தெரியாது, மேலே இடம் கிடைக்கும், பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் நாதஸ்வரம், உறுமியின் தேய்ப்பு, பாடுகிறவரின் குரல் எல்லாம் நீண்டு நிற்கும் ஒலிகள். அவற்றை வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டு விழும், ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. அது சீவல் இல்லை, ஒலியின் குணமே மாறிப்போகும். வேண்டுமென்றே அப்படி மாற்றுகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், சத்தம் கூட்டுவதற்காக என்றால் வேண்டாம். அதனால்தான் மொத்தப் பாட்டையும் மாஸ்டரில் ஒரே கிளிப்பரால் வெட்டுவதை முதல் தவறு என்கிறேன். தப்புக்குத் தனியாக 2 டெசிபல், கும்மித் தட்டுக்குத் தனியாக ஒன்று, பிறகு தாளக் கருவிகள் சேரும் பஸ்ஸில் (பல டிராக்குகள் ஒன்றுசேரும் வழி) கொஞ்சம் என்று பிரித்து வெட்டினால் மாஸ்டரில் வேலையே மிச்சம் இருக்காது.

நாதஸ்வரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு சுரங்கள் ஒரே கிளிப்பருக்குள் போனால், உள்ளே இல்லாத புதுச் சுரங்கள் வெளியே வரும். 440 ஹெர்ட்ஸில் சுதி நிற்கிறது, அதோடு 660இல் பஞ்சமம் என்றால், முதலில் பிறப்பவை 220, 880. அவை சுதியோடு ஒட்டிக்கொள்ளும், கிட்டார்காரர்கள் இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து டிஸ்டார்ஷனில் வாசிப்பது இதனால்தான் எடுபடுகிறது. அதே 440 மேல் 466 வந்தால் 414, 492 என்று சம்பந்தமில்லாதவை பிறக்கும். நம் இசையில் சுரம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லையே. நாதஸ்வரம் கமகத்தில் மேலே இழையும்போது, சுதியோடு சேர்ந்து பிறக்கும் அந்தப் பேய்ச் சுரங்களில் ஒன்று கீழ்நோக்கி இழையும். இசை தெரியாதவர்கூட "ஏதோ சுதி விலகுது" என்பார். நாதஸ்வரத்தையும் சுதியையும் ஒரே கிளிப்பருக்குள் விடாதீர்கள்.

அடுத்தது ஓவர்சாம்ப்ளிங், அதாவது வெட்டும்போது மட்டும் சாம்பிள் எண்ணிக்கையைப் பல மடங்காக்கி வேலை செய்வது. கிளிப்பர் பிளக்இன் பலவற்றில் 2 மடங்கு, 4 மடங்கு என்று ஒரு பட்டன் இருக்கும், கம்ப்யூட்டர் திணறுகிறது என்று பலர் அணைத்துவிடுகிறார்கள். நொடிக்கு 44,100 சாம்பிளில் வேலை செய்தால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. 5,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை வெட்டினால் 15,000, 25,000, 35,000 என்று மேல் சுரங்கள் பிறக்கும். இடமில்லாத 25,000 மடங்கி 19,100இல் விழும், 35,000 மடங்கி 9,100இல் விழும். அந்த 9,100க்கும் உங்கள் பாட்டுக்கும் எந்த உறவும் இல்லை, கண்ணாடி உடைவதுபோல் ஒரு கரகரப்பாகத்தான் கேட்கும். வேலை நடக்கும்போது அணைத்து வைத்தாலும் கடைசியில் ஃபைல் எடுக்கும்போது 4 மடங்காவது போட்டுவிடுங்கள். சுருக்கென்ற தாளத்துக்கு மட்டும் ஓவர்சாம்ப்ளிங் இல்லாத வெட்டு சிலருக்குப் பிடிக்கும், அது ருசி.

ஒப்பிடும் விதத்திலும் ஏமாந்துபோகிறோம். டிரைவை, அதாவது கிளிப்பருக்குள் போகும் அளவை, கூட்டினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் காது "நல்லாருக்கு" என்றுதான் சொல்லும், ஒரு டெசிபல் போதும் அதற்கு. எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவை அவுட்புட்டில் இறக்கி, கிளிப்பரை அணைத்தும் போட்டும் கேளுங்கள். என் பாட்டை அப்படிக் கேட்டபோது கிளிப்பர் இல்லாததே நன்றாக இருந்தது, மறுக்க முடியவில்லை. சத்தத்தில் கிடைத்த லாபமும் ஆன்லைனில் நிற்காது: ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குப் பாட்டைச் சமன் செய்துவிடும், நீங்கள் -7இல் கொடுத்தால் இறக்கித்தான் போடும், இழந்த அடி திரும்பி வராது.

கிளிப்பருக்குப் பின்னால் ஈக்யூ (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர்) போடுவதும் வேண்டாம். கீழ் ஒலிகளை நீக்கும் லோ கட் தானே, குறைக்கத்தானே செய்கிறோம் என்று தோன்றும். வெட்டித் தட்டையான அலை ஃபில்டருக்குள் போனால் சாய்ந்து, வெட்டிய மட்டத்துக்கு மேலேயே திரும்ப எழும்பும். ஈக்யூ முன்னால், கிளிப்பர் அடுத்து, லிமிட்டர் கடைசி. எம்பி3 ஆக மாற்றும்போதும் உச்சங்கள் கொஞ்சம் எகிறும், அதனால் ட்ரூ பீக்கை (சாம்பிள்களுக்கு நடுவிலும் எழும் உண்மையான உச்சம்) -1 டெசிபலுக்குள் நிறுத்துங்கள்.

மீட்டரில் சிவப்பு எரிவதையே கிளிப்பர் மாதிரி பயன்படுத்துகிற பழக்கம் சிலரிடம் உண்டு. 32 பிட் ஃப்ளோட்டில் (எல்லை தாண்டிய அளவையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளும் எண்முறை) ஓடும் மென்பொருளுக்குள் ஒரு டிராக் சிவப்பாவதால் எதுவும் வெட்டுப்படாது, வெட்டு விழுவது வெளியே போகும் இடத்திலும் 24 பிட் ஃபைல் எடுக்கும்போதும்தான். ரெக்கார்டிங்கில் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸே சிவப்பானால் அது வேறு கதை. தப்பை நெருப்பில் காய்ச்சி ஏற்றிய பிறகு அதன் அடி நீங்கள் சரிபார்த்ததைவிடப் பலமாக வரும். மைக்கை 10, 12 டெசிபல் இறக்கியே வையுங்கள்.

மைக் செட்டுக்கு வருவோம். கூம்புக் குழாயில் பேஸ் கிட்டத்தட்ட வராது, கிளிப்பிங்கில் பிறக்கும் நடுப்பகுதிச் சத்தத்தைத்தான் அது கத்திக் காட்டும். என் 808 அங்கே வெறும் கர்ர் என்றுதான் வந்தது. போதாததற்கு ஆம்ப்ளிஃபயரும் எல்லை தாண்டினால் வெட்டும்: சைன் அலையில் 100 வாட் தருவது, முழுக்க வெட்டுப்பட்டுச் சதுர அலையானால் கணக்குப்படி 200 வாட் வரை தள்ளும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாவது சராசரிச் சக்தியால்தான், அதனால் ஏற்கெனவே தட்டையாக்கிய ஃபைலைக் கொடுப்பது அந்த அண்ணனின் ஸ்பீக்கர் யூனிட்டுக்கும் ஆபத்து. இப்போதெல்லாம் மைக் செட்டுக்கு என்று தனியாக ஒரு ஃபைல் எடுக்கிறேன். அதில் மாஸ்டர் கிளிப்பர் கிடையாது, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் இல்லை, தப்பு மற்ற எல்லாவற்றையும்விட 2 டெசிபல் முன்னால் நிற்கும்.