அண்ணாந்து குடிக்கவைக்காதீர்கள்: ஊட்டுகிறவர்கள் விடும் தவறுகள்

போன கிழமை வார்டில் ஒரு பயிலுநர், பாரிசவாதம் வந்த அம்மா ஒருவரின் நாடியைத் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் அண்ணாந்து குடியுங்கோ அம்மா" என்று தண்ணீர் விடப்போனார். ஓடிப்போய்க் கோப்பையைப் பிடித்தேன். நானும் அதே பிழையை விட்டவள்தான்.

படுக்கவைத்து ஊட்டக்கூடாது, வாய் நிறையத் திணிக்கக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தவை, விடுகிறேன்.

அண்ணாந்து குடிக்கவைப்பது

செம்பில் வாய்படாமல் குடித்து வளர்ந்த நமக்கு இது தவறாகவே படாது. தொண்டையில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலேயும் முன்னேயும் எழும்பும். அந்த நேரத்தில் குரல்நாண்கள் மூடுகின்றன, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. எல்லாம் ஏறக்குறைய 1 செக்கனில். இனி முகட்டைப் பார்த்தபடி விழுங்குங்கள். கஷ்டமாக இருக்கிறதல்லவா? நரம்பு பிசகாத உங்களுக்கே அப்படி. விழுங்கல் பிந்தித் தொடங்குகிறவர் அண்ணாந்தால், குரல்வளை எழும்ப முன்னமே தண்ணீர் திறந்த மூச்சுவழிக்குள் விழும்.

என் முதல் வருடம், வெள்ளவத்தையில் ஒரு வீடு. ஐயாவை அண்ணாரவைத்துக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் விட்டேன். பிரக்கடிக்கவில்லை. மகளுக்கும் எனக்கும் பெரிய சந்தோஷம். குரல் மட்டும் வாய் கொப்பளித்தபடி பேசுவதுபோலக் கேட்டது. சளி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல், அப்புறம் நியூமோனியா. தொண்டை உணர்வு மங்கியவருக்குத் தண்ணீர் மூச்சுவழிக்குள் போனாலும் இருமலே வராது. "இருமவில்லையே மிஸ்" என்று இப்போதும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலை நேரே இருக்கட்டும். நாடியைத் தாழ்த்துவது சிலருக்குத்தான் உதவும். பரிசோதித்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். கோப்பை மூக்கில் இடிக்கிறதா? கடதாசிக் கோப்பையின் விளிம்பில் மூக்களவுக்கு ஒரு துண்டை வெட்டிவிடுங்கள். பிறகு அண்ணார வேண்டிய தேவையே இராது.

"தண்ணீர்தானே" என்பது

தண்ணீர்தான் வேகமாக ஓடுகிறது. தடித்த கஞ்சி மெதுவாக நகர்ந்து, குரல்வளைக்கு நேரம் கொடுக்கும்.

அரைத்தூக்கத்தில் ஊட்டுவது

வேண்டாம்.

முடிந்த கையோடு சரிப்பது

உணவுக்குழாய் 25 சென்ரிமீற்றர் அளவு நீளம். கட்டிச் சாப்பாடு அதைக் கடக்கவே 8, 10 செக்கன் பிடிக்கும். இரைப்பையிலிருந்து திரும்பி மேலே வருவதும் உண்டு. அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருக்கட்டும். சரிக்க முன் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த அம்மாவின் இடக் கன்னத்துக்குள் காலை இடியப்பம் மத்தியானம் வரை அப்படியே கிடந்தது.