விரைவு நர்சிங் பட்டப்படிப்பு: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேறொரு துறையில் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவர்கள், மறுபடியும் நான்கு ஆண்டுகள் செலவிடாமல், பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களுக்குள் நர்சிங் பட்டம் பெறுவதற்கு உள்ள வழியை ஆக்சிலரேட்டட் பி.எஸ்.என் என்று அழைக்கிறார்கள். 1971ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த இந்த முறை, இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. கணினித் துறையில் இருந்தவர்கள், பள்ளி ஆசிரியர்கள், குழந்தைகளை வளர்ப்பதற்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்தவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் இதில் சேர்கிறார்கள். நம்மவர்களும் கணிசமாகச் சேர்கிறார்கள். இந்தப் படிப்பை முடித்தவள் என்ற முறையில், உடன் படித்தவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட அறிவுக் குறைவால் தடுமாறவில்லை. இந்தப் படிப்பில் சுருக்கப்படுவது காலம் மட்டுமே. பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் அப்படியே இருக்கின்றன. ஆகவே, வழக்கமான கல்லூரியில் அடுத்த செமஸ்டரில் சரிசெய்துகொள்ளக்கூடிய ஒரு சிறு பிழைக்கு இங்கே சரிசெய்ய இடமே இருப்பதில்லை. அந்தப் பிழைகளில் பாதி, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே செய்யப்படுகின்றன.

முதலாவது, எந்தக் கல்லூரி சீக்கிரம் முடித்துத் தருகிறது, எங்கே கட்டணம் குறைவு என்ற இரண்டு கேள்விகளோடு தேர்வை முடித்துக்கொள்வது. அந்தக் கல்லூரிக்கு மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா, சி.சி.என்.இ அல்லது ஏ.சி.இ.என் போன்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு மேற்படிப்புக்கோ சில மருத்துவமனைகளில் வேலைக்கோ போக முடியாது. அடுத்ததாக, உரிமத் தேர்வான என்க்ளெக்ஸில் அந்தக் கல்லூரி மாணவர்களின் முதல் முயற்சித் தேர்ச்சி விகிதத்தை அனைவரும் பார்க்கிறார்கள். அது நல்லதுதான் என்றாலும், அந்த எண் மட்டும் போதாது. நடுவில் வெளியேற்றப்பட்டவர்கள் அந்தத் தேர்வை எழுதுவதே இல்லை என்பதால், பலரை வடிகட்டிவிட்டு மிஞ்சியவர்களை மட்டும் தேர்வுக்கு அனுப்பும் கல்லூரியின் விகிதமும் மிக உயர்வாகவே தெரியும். ஆகவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று சேர்க்கை அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தைப் பற்றி நான் இருமுறை யோசிப்பேன்.

முன்தேவைப் பாடங்களை ஒரு சம்பிரதாயமாக எண்ணி முடிப்பது இரண்டாவது தவறு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் ஆகியவற்றைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. இந்தியாவில் படித்தவர்கள் தங்கள் பட்டத்தைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து வாங்க வேண்டியிருக்கும். மதிப்பெண் சான்றுகளை ஊரிலிருந்து வரவழைத்து அதை முடிப்பதற்குள் விண்ணப்பக் கெடு கடந்துவிடுவதும் உண்டு. ஆனால் இதைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பாடங்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுவதால் ஏற்படுகிறது. முதல் சில வாரங்களிலேயே மருந்தியல் வகுப்பில் ஃபியூரோசமைட் என்ற மருந்து வருகிறது. அது சிறுநீரகத்தின் வழியாக நீரை வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றுகிறது, இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் அதற்குக் கீழே இறங்கினால், அதே நோயாளி உட்கொள்ளும் டிஜாக்சின் என்னும் இதய மருந்து நஞ்சாக மாறி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பது மனத்தில் இருப்பவருக்கு இது ஒரே தொடர். மறந்தவருக்கு மூன்று தனித்தனித் தகவல்கள். வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்து குவியும்போது, தனித்தனித் தகவல்களாக மனப்பாடம் செய்பவரால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. சேருவதற்கு முந்தைய மாதங்களில் இதயம், நுரையீரல், சிறுநீரகம், உப்புச்சமநிலை ஆகிய நான்கையும் மறுபடி ஒழுங்காகப் படித்துவிடுவதைவிடச் சிறந்த தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆவணங்களைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். மருத்துவமனைப் பயிற்சிக்குள் நுழைய, தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை, நேரில் செய்முறை காட்டிப் பெற்ற சி.பி.ஆர் பயிற்சிச் சான்று என ஒரு நீண்ட பட்டியல் தருவார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைகள் ஆறு மாதங்களில் பரவியிருக்கின்றன. அதற்குப் பிறகு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா என்று இரத்தத்தில் பார்க்க மேலும் ஓரிரு மாதங்கள் வேண்டும். சிறுவயதில் போட்ட ஊசிகளுக்கான அட்டை கையில் இல்லாதவர்கள், இடம் கிடைத்த கடிதம் வரும்வரை காத்திராமல் விண்ணப்பிக்கும்போதே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றிய தவறான கணக்கு பலரைப் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறது. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு, அது வெளிநாட்டுப் பட்டமாக இருந்தாலும், பெல் மானியம் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத அரசு உதவித்தொகை) கிடைக்காது. இளநிலைப் படிப்புக்கு மத்திய அரசின் கடனாகச் சுயசார்புள்ள மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 12,500 டாலர் வரையும், மொத்தத்தில் 57,500 டாலர் வரையும்தான் பெற முடியும்; முதல் பட்டத்துக்கு அதே அரசிடம் வாங்கிய கடனும் இந்த மொத்தத்திலேயே கழியும். கோடை விடுமுறையே இல்லாமல் செமஸ்டர்கள் அடுத்தடுத்து வருவதால், ஆண்டு வரம்பு பாதியிலேயே தீர்ந்து, மீதிக் கட்டணத்துக்கு அதிக வட்டியுள்ள தனியார் கடனைத் தேட நேரிடுகிறது. எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது), எஃப்-1 (மாணவர்களுக்கானது) விசாவில் இருப்பவர்களுக்கு இந்த அரசுக் கடனும் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வாரத்தில் இரண்டு நாள்கள் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி, மற்ற நாள்களில் வகுப்பும் ஆய்வகமும் இருக்கும் கால அட்டவணையில் முழுநேர வேலைக்கு இடம் இல்லை. கல்லூரிகள் இதை அறிவுரையாகச் சொல்கின்றன. நான் அதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன்.

வகுப்பு தொடங்கிய பிறகு ஏற்படும் தவறுகளில் மிக ஆழமானது, முதல் பட்டத்தில் வெற்றி தந்த படிப்பு முறையையே இங்கும் தொடர்வது. நன்றாகப் படித்தவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து, வண்ண வண்ணமாகக் கோடிட்டு, அழகான குறிப்புகள் எழுதி, வரையறைகளை ஒப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். அங்கே வரும் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள்: அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் நாளில் பத்துக்கு ஏழு என்று வலியைச் சொல்பவர், இரத்தச் சர்க்கரை 180 உள்ள, வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் நீரிழிவுக்காரர், 38.4 டிகிரி காய்ச்சலுடன் நிமோனியாவுக்குச் சிகிச்சை பெறுபவர், இடுப்பு மூட்டு மாற்றிய இரண்டாம் நாளில் திடீரென்று மூச்சு வாங்குவதாகவும் பயமாக இருப்பதாகவும் சொல்பவர். முதலில் யாரிடம் போவீர்கள்? நான்கு பேருக்குமே கவனிப்பு தேவை. வலியில் துடிப்பவரிடம் போகவே மனம் சொல்லும். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலியும், நிமோனியாவில் காய்ச்சலும் எதிர்பார்க்கக்கூடியவை. இடுப்பு மூட்டு மாற்றியவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குவது, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி; அவரிடம் தாமதித்தால் உயிர் போகும். எதிர்பார்த்த தொல்லை எது, புதிதாகத் தோன்றிய ஆபத்து எது என்று பிரித்தறியும் இந்தத் திறனை ஒப்பித்தலால் பெற முடியாது.

என்க்ளெக்ஸ் தேர்வும் இதையேதான் சோதிக்கிறது. 2023 ஏப்ரலில் அறிமுகமான புதிய வடிவத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். அதில் ஒரே நோயாளியின் குறிப்புகளைத் தந்து, எந்த அறிகுறிகள் முக்கியம், அவை எதைக் காட்டுகின்றன, எதை முதலில் கவனிக்க வேண்டும், என்னென்ன செய்யலாம், எதைச் செய்வீர்கள், செய்தது பலித்ததா என்று ஆறு படிகளில் கேட்கும் தொடர் கேள்விகள் வருகின்றன. ஆகவே பயிற்சிக் கேள்விகளைக் கடைசி செமஸ்டருக்கு என்று ஒதுக்கிவைக்காமல், முதல் வாரத்திலிருந்தே பாடத்தோடு சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். தவறாகப் போனவற்றுக்கு மட்டுமின்றி, சரியாகப் போட்டவற்றுக்கும் விளக்கத்தைப் படியுங்கள். சரியான விடையைத் தவறான காரணத்துக்காகத் தேர்ந்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்ததும் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று மௌனமாக இருப்பது. பல கல்லூரிகளில் தேர்வுகளின் சராசரி 75 முதல் 78 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்தப் பாடத்தில் தோல்விதான், 74.9 என்பதை 75 ஆக்கித் தர மாட்டார்கள். ஒப்படைப்புகளின் மதிப்பெண்ணைக் கொண்டும் அதை ஈடுகட்ட விட மாட்டார்கள். ஒரு பாடத்துக்கு மூன்று நான்கு தேர்வுகள்தான் என்னும்போது, முதல் தேர்வு முடிந்த வாரத்திலேயே பேராசிரியரைச் சந்தித்து, எந்த வகைக் கேள்விகளில் வழுக்கியது என்று உட்கார்ந்து பார்ப்பவரே மீள்கிறார்.

மருந்தளவுக் கணக்கை எளிது என்று அலட்சியம் செய்வதும் கூடாது. நோயாளிக்கு மருந்து கொடுக்க அனுமதி பெறும் முன், 90 அல்லது 100 விழுக்காடு எடுக்க வேண்டிய தனித்தேர்வு பெரும்பாலும் இருக்கும். வாய்ப்புகளும் எண்ணி இரண்டு மூன்றுதான். 250 மி.லி திரவத்தில் 25,000 யூனிட் ஹெபாரின் கலந்திருக்கிறது, மணிக்கு 1,200 யூனிட் செலுத்த வேண்டும் என்றால், ஒரு மி.லியில் 100 யூனிட் இருப்பதால் மணிக்கு 12 மி.லி என்று பம்பில் அமைக்க வேண்டும். கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் பொறியியல் படித்தவர்கள்கூட அலகை எழுதாமல் மனக்கணக்காகப் போட்டு ஒரு சுழியத்தைத் தவறவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அலகுகளோடு சேர்த்துப் படிப்படியாக எழுதுங்கள். 0.5 மி.கி என்பதில் புள்ளிக்கு முன் சுழியம் கட்டாயம் இருக்க வேண்டும்; 5 மி.கி என்பதை 5.0 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கலாகத் தெரிந்தால் அந்த மருந்து பத்து மடங்காகிவிடும்.

மருத்துவமனைப் பயிற்சியில் பெரும் தீங்கு செய்வது, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வது. முந்தைய வேலையில் குழுத்தலைவராக இருந்தவருக்கு, இருபத்தைந்து வயதுச் செவிலியரிடம் போய் 'இது எனக்குத் தெரியாது, காட்டுங்கள்' என்று கேட்பது கடினமாகத்தான் இருக்கும். பெரியவர்களை எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்த நமக்கோ, மருத்துவர் எழுதிய அளவு சரிதானா என்று கேட்க நாவே எழாது. ஆனால் இங்கே அப்படிக் கேட்பதுதான் செவிலியரின் கடமை. ஆய்வகத்தில் சிறுநீர்க் குழாய் பொருத்தும் செய்முறைத் தேர்வின்போது, ஒரு மாணவியின் கையுறை விரல் நுனி, கிருமிநீக்கிய விரிப்பின் ஓரத்துக்கு வெளியே மேசையை உரசியது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர் உடனே கையை விலக்கி, 'என் கையுறை கிருமிநீக்க நிலையை இழந்துவிட்டது, புதியதை எடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார், தேர்ச்சியும் பெற்றார். அதே வகுப்பில், அப்படி உரசியதை மறைத்துத் தொடர்ந்த இன்னொருவர் தோற்றார். உரசுவது எவருக்கும் நேரும். மறைத்தால் நோயாளிக்குத் தொற்று வரலாம். பயிற்றுநர்கள் தேடுவது அந்த நேர்மையைத்தான்.

நோயாளியைப் பற்றிய எதையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள், லிஃப்டில் பேசாதீர்கள். பெயரைச் சொல்லாவிட்டாலும், நோயும் வயதும் வார்டும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். நோயாளிகளின் தகவல்களைப் பாதுகாக்கும், 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின் கீழ் வரும் இந்த மீறலுக்காகக் கல்லூரியிலிருந்தே நீக்க முடியும்.

வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காலை ஆறரைக்கு மருத்துவமனையில் நிற்க வேண்டிய நாள்களில் பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவது, பயிற்சி நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் இருப்பது என்பதையெல்லாம் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள முடியாது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பயிற்சி நாள்கள் தவறினால், தேர்வில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பாடம் போய்விடும்.

கடைசியாக, பட்டம் பெற்ற களைப்பில் என்க்ளெக்ஸ் தேர்வை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது. தேர்வு எழுத அனுமதிக் கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அதை நீட்டித்துத் தர மாட்டார்கள். தவறினாலோ தோற்றாலோ மறுபடியும் 200 டாலர் கட்ட வேண்டும், தோற்றவர் அடுத்த முயற்சிக்குக் குறைந்தது 45 நாள்கள் காத்திருக்க வேண்டும். மாநில நர்சிங் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம், தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் ஒரு பதிவு என இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இதில் தமிழர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாகவும், கல்லூரிப் பதிவேட்டில் முதலெழுத்தாகவும், ஓட்டுநர் உரிமத்தில் முன்பின் மாறியும் இருப்பது நம்மிடையே சகஜம். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் பதிவில் கொடுத்த பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். படிப்பின் கடைசி செமஸ்டரிலேயே எல்லா ஆவணங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, மாறுபாடு இருந்தால் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் திருத்தச் சொல்லி விண்ணப்பித்துவிடுங்கள்.