வேலைக் குணத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: எது பொருந்தும், எது சறுக்கும்

நம்மவர்கள் விண்ணப்பத்தில் முதலில் எழுதும் சொல் 'சின்சியர்'. நம் வழக்கில் அது கருத்தாக வேலை செய்பவரைக் குறிக்கும். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர் காதில் 'மனதில் உள்ளதை ஒளிக்காமல் பேசுபவர்' என்றுதான் விழும். வேலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நீங்கள் தேடும் சொல் 'கான்ஷியென்ஷஸ்': யாரும் பார்க்காவிட்டாலும் சரியாகச் செய்து முடிப்பவர். அழுத்தம் 'என்' மேல் விழ வேண்டும். 'கான்ஷஸ்' என்று சுருக்கினால் 'சுயநினைவோடு இருப்பவர்' ஆகிவிடும். வாயில் நுழையவில்லையா, 'ஹார்ட்வொர்க்கிங்', 'ரிலையபிள்' இரண்டே போதும்.

'ஒபீடியன்ட்' வேண்டவே வேண்டாம். குழந்தைக்கும் நாய்க்கும் சொல்வது அது. சொன்னபடி செய்வேன் என்பதற்கு 'ஐ ஃபாலோ இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் கேர்ஃபுலி' என்று சொல்லுங்கள். 'சிம்பிள் பெர்சன்' என்றால் அறிவு மட்டு என்ற வாடை வரும்.

'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வேன்' என்பதை 'ஃப்ளெக்ஸிபிள்' என்று மாற்றுகிறோம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை தருபவர் அதை நேரத்தோடு சேர்த்துத்தான் கேட்பார்: இரவு ஷிஃப்ட், வார இறுதி எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். முடிந்த நாளையும் மணியையும் அப்போதே சொல்லிவிடுங்கள். புது முறைகளுக்குப் பழகிக்கொள்வேன் என்பதுதான் கருத்து என்றால் 'அடாப்டபிள்' சரியான சொல்.

வேலையில் சேர்ந்த பிறகு உங்களைப் பற்றி எழுதப்படும் சொற்களையும் எடைபோடத் தெரிய வேண்டும். 'சாட்டிஸ்ஃபாக்டரி', 'அடிக்வெட்' இரண்டும் பாராட்டு அல்ல, 'குறை சொல்ல முடியாது' என்ற அளவுதான். பிரிட்டிஷ்காரர் 'க்வைட் குட்' என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்று பொருள். 'ஷுட் பி மோர் ப்ரோஆக்டிவ்' என்று வந்தால் சோம்பேறி என்று வருந்த வேண்டாம். சொல்லும்வரை காத்திருக்கிறீர்கள் என்பதே குறை. பெரியவர் சொல்லட்டும் என்று பொறுத்திருப்பது நமக்கு மரியாதை, ஆங்கிலம் பேசும் மேலாளருக்கோ அது அக்கறையின்மையாகத் தெரிகிறது. கையிலுள்ள வேலை முடிந்ததும் அடுத்தது என்ன என்று நீங்களே கேளுங்கள். சிக்கலைச் சொல்லும்போது உங்களுக்குத் தோன்றும் ஒரு வழியையும் கூடவே சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் மூன்று குணச்சொல் போதும். அவற்றை வேலை விளம்பரத்திலிருந்தே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சான்று வேண்டும்: 'பங்ச்சுவல்' என்றால் '14 மாதத்தில் ஒரு ஷிஃப்டுக்குக்கூடத் தாமதமில்லை' என்பதுபோல, உங்கள் உண்மையான கணக்கோடு. 'மெட்டிக்யுலஸ்' (சின்ன விவரத்தையும் கவனித்துச் செய்பவர்) என்று எழுதிய தாளில் ஓர் எழுத்துப்பிழை இருந்தாலும் அந்தச் சொல்லே உங்களுக்கு எதிரி. உங்களுக்காக ரெஃபரன்ஸ், அதாவது உங்கள் வேலையைப் பற்றிய சான்று, கொடுக்கப்போகிறவரிடம் அந்த மூன்று சொற்களையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நிறுவனம் கேட்கும்போது அவர் வாயிலிருந்தும் அவையே வரட்டும்.