அடி உளுத்த திண்ணைத் தூணுக்கு ஜப்பானியக் கால் ஒட்டு

புதுச்சேரி வைசியாள் வீதி போன்ற பழைய தெருக்களில், மேலே வைரம் பாய்ந்த தேக்காக இருக்கும் திண்ணைத் தூண் அடியில் மட்டும் உளுத்துப்போவதுண்டு. சாரல் ஒரு காரணம். தரைக்கு டைல்ஸ் பதிக்கும்போது தூணின் காலைச் சிமெண்டில் புதைத்து ஈரத்தைப் பூட்டிவைப்பது அதைவிடப் பெரிய காரணம். என் வீட்டுத் தூணும் அப்படித்தான் வீணானது. முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை. 1300 ஆண்டுகளைக் கடந்த ஹோர்யூஜி கோயில் போன்ற மரக் கட்டடங்களைக் காத்துவரும் ஜப்பானியத் தச்சர்கள், கெட்ட அடியை மட்டும் அறுத்துப் புது மரம் ஒட்டுவதை நெட்சுகி என்கிறார்கள். அதற்கு அவர்கள் பெரிதும் கையாளும் கனவாட்சுகி என்ற இணைப்பில் ஆணியும் பசையும் கிடையாது. உப்புக்காற்றில் துருவேறும் போல்ட்டைவிட நமக்கு இது பொருத்தம்.

முதலில் உத்தரத்தை இருபுறமும் ஜாக்கி கொடுத்துத் தாங்குங்கள். தூணை உளியால் குத்திப் பார்த்து, கெட்ட பகுதிக்கு ஒரு சாண் மேலே அறுங்கள். ஒட்டும் துண்டு அதே இனத்தைச் சேர்ந்த, நன்கு உலர்ந்த பழைய மரமாக இருக்கட்டும்; மரம் வளர்ந்தபோது வேர் இருந்த பக்கம் கீழே வர வேண்டும்.

ஆறு அங்குலச் சதுரத் தூணுக்கு இணைப்பின் நீளம் பதினெட்டு அங்குலம் போதும். இரண்டு துண்டுகளும் ஒரே வடிவந்தான்: பாதி கனத்துக்குச் செதுக்கிய நீண்ட விரல், அதன் நடுவில் ஒரு படி, நுனியில் முக்கால் அங்குல நாக்கு, எதிர்த்துண்டின் தோளில், அதாவது அதன் விரல் தொடங்கும் இடத்தில், அந்த நாக்குக்கான குழி. விரல் நுனிப்பக்கம் கனமாகவும் அடிப்பக்கம் மெலிந்தும் இருந்தால்தான் இரண்டு படிகளும் கொக்கிபோல் ஒன்றையொன்று பிடிக்கும். அறுக்கும்போது குறித்த கோட்டைத் தொடாமல் விட்டுவைத்து, மிச்சத்தை உளியால் சீவுங்கள். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். தள்ளி அறுத்துப் பழகிய நம் கைக்கு இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், ஆனால் அதன் மெல்லிய தகடு தரும் வெட்டின் நேர்த்தி வேறு. எங்கே இடிக்கிறது என்று அறிய, ஒரு முகத்தில் கரி பூசிப் பொருத்திப் பாருங்கள். கரி ஒட்டிய மேட்டை மட்டும் எடுங்கள்.

இனி அடிக்கல்லை எடுத்துவிட்டு, புதுத் துண்டை முக்கால் அங்குலம் தாழ்த்திப் பக்கவாட்டில் நுழைத்து மேலே தள்ளினால், நாக்குகள் குழிகளில் ஏற, படிகள் விலகி நடுவில் ஒரு சதுரத் துளை திறக்கும். இலேசாகக் கூம்பிய கருவேல ஆப்பை அதில் அடியுங்கள். கொட்டாப்புளியின் ஓசை மந்தமாக இருக்கும்வரை ஆப்பு இறங்குகிறது; ஓசை கணீரென்று மாறியதும் நிறுத்திவிட வேண்டும், இன்னும் ஒரு தட்டு தட்டினால் விரல் பிளந்துவிடும். பிறகு கருங்கல்லைத் திரும்ப வைத்துத் தூணை அதன்மேல் நிறுத்துங்கள். சுற்றிலும் சிமெண்ட் பூச வேண்டாம்.

நீட்டிக்கொண்டிருக்கும் ஆப்பு முனையை உடனே அறுக்காதீர்கள். சித்திரை வெயிலில் மரம் சுருங்கிய பின் இன்னொரு முறை தட்டி இறுக்கி, அதன் பிறகே அறுத்து இழையுங்கள்.