குறைமாதக் குழந்தையின் மருத்துவக் கோப்பு: தத்தெடுக்கும் முன் செய்யும் தவறுகள்

"ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்று பாட்டிமார் சொல்வார்கள். பினாங்கில் பச்சிளங்குழந்தை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் இதை யாராவது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிலவரம் நேர்மாறு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்.

போன மாதம் ஒரு தம்பதி பிளாஸ்டிக் கோப்போடு வீட்டுக்கு வந்தார்கள். இந்தியக் குடிமக்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. இந்தியாவில் தத்தெடுப்பைக் கவனிக்கும் காரா அமைப்பு வழியாக 11 மாதப் பெண் குழந்தை ஒன்றின் விவரம் வந்திருந்தது. "அக்கா, எடுக்கலாமா வேண்டாமா?" என்றார் மனைவி. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் கோப்பை எப்படிப் படிப்பது என்று காட்ட முடியும்.

முதல் சறுக்கல் மாதக் கணக்கு. முதல் பக்கத்தில் 'ஏழு மாதக் குழந்தை' என்று இருந்தது, அதாவது ஏழு மாதம் வயிற்றில் இருந்து பிறந்தவள். எந்த ஏழு? நாம் சொல்லும் பத்து மாதம் 28 நாள் மாதம். பத்தும் சேர்ந்தால் 280 நாள், அதாவது 40 வாரம். அந்தக் கணக்கில் ஏழு மாதம் 28 வாரம். காலண்டர் மாதத்தில் எண்ணினால் 30 வாரத்தைத் தாண்டிவிடும். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம். 32-க்குக் கீழே மிகக் குறைமாதம். 28-க்குக் கீழே போனால் ஆபத்து பல மடங்கு. ஆகவே வாரத்தைக் கேளுங்கள். இவர்கள் கோப்பின் இரண்டாம் பக்கத்தில் 30 வாரம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

எடையையும் வாரத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1400 கிராம் என்றதும் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. 30 வாரத்தில் 1400 கிராம் சரியான எடைதான். அதே 1400 கிராம் 36 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு என்றால், வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். அது வேறு கதை.

அப்புறம் வயது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இறக்கி மேசையில் வைத்தேன். பத்து வாரம் முந்திப் பிறந்தவள், அதைக் கழித்தால் எட்டரை மாதம். இதைத்தான் திருத்திய வயது என்கிறோம். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும். 'பிடித்துக்கொண்டால் உட்காருகிறாள்' என்ற வரி 11 மாதத்துக்குக் கவலை தரும். எட்டரை மாதத்துக்கு அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிடிக்காமல் உட்காருவதற்கு 9 மாதம் தாண்டியும் சற்று இடம் இருக்கிறது.

தலைச் சுற்றளவில் இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் ஏமாந்துபோவோம். பிறந்து 4 மாதத்தில் 37 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. 4 மாதம் என்றே வைத்து, வயதுக்கேற்ற தலைச் சுற்றளவைக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தேன், கீழ்க்கோட்டுக்கும் கீழே விழுந்தது. ஒன்றரை மாதத்தில் வைத்தபோது ஏறக்குறைய நடுக்கோட்டில் உட்கார்ந்தது. அடுத்து 41.5, கடைசியாக 43. மூன்றும் ஒரே பாதையில் ஏறின. இந்தப் பாதைதான் முக்கியம், தனி எண் அல்ல. எண் நகராமல் நின்றால் அல்லது திடீரென்று எகிறினால் மருத்துவரிடம் ஓட வேண்டும். எல்லாத் தேதியிலும் ஒரே எண் இருந்தால், யாரோ அளக்காமலே எழுதியிருக்கிறார்கள் என்ற சந்தேகமும் வரட்டும்.

அப்கார் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்படுவது வீண். பிறந்தவுடன் மூச்சு, இதயத் துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்துப் பத்துக்குப் போடும் மதிப்பெண் அது. முதல் நிமிடத்தில் 4, ஐந்தாம் நிமிடத்தில் 8 என்றால் குழந்தை மீண்டுவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் பெரிய தவறு இதெல்லாம் இல்லை. காலிக் கட்டத்தை 'நார்மல்' என்று படிப்பதுதான். கண் பரிசோதனைக்கு நேரே ஒரு சிறு கோடு. "ஒன்றும் இல்லை போல" என்றார் மனைவி. அந்தக் கோடு 'பிரச்சினை இல்லை' என்றும் சொல்லலாம், 'பார்க்கவே இல்லை' என்றும் சொல்லலாம். குறைமாதக் குழந்தையின் விழித்திரை இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் 2000 கிராமுக்குக் குறைந்தவர்களையும் பிறந்து ஏறக்குறைய நாலு வாரத்தில் கண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது நெறிமுறை. நோய் முற்றினால் சில நாளுக்குள் லேசர் அல்லது ஊசி. அந்த நேரம் தவறினால் பிறகு எவ்வளவு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் இழந்த பார்வை திரும்பாது.

மூளை ஸ்கேனும் அப்படித்தான். உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேனில் இரத்தக் கசிவு முதல் இரண்டு கிரேடு என்றால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். மூன்று, நான்கு என்றால் கை கால் முடக்கத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. 'ஸ்கேன் நார்மல்' என்பது எந்தத் தேதியில் என்றும் கேளுங்கள். மூளையின் உட்பகுதி நரம்பிழைகளான வெண்பொருளில் ஏற்படும் சேதம் சில வாரம் கழித்தே படத்தில் தெரியும். மூன்றாம் நாள் ஸ்கேன் அதைக் காட்டாது.

புகைப்படத்தைப் பார்த்து மனசைக் கொடுத்துவிட்டுப் பிறகு கோப்பைத் திறப்பவர்கள் நிறைய. (ஜாதகம் பார்க்கப் பிறந்த நேரத்தைக் கேட்டவர்களும் உண்டு, கண் பரிசோதனையைக் கேட்காமல்.) படத்துக்குப் பதில் வெட்டாத வீடியோ கேளுங்கள்: காலுறை கழற்றி, பொம்மையை இரண்டு பக்கமும் நீட்டி. ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை நீட்டி, மற்றதை முஷ்டியாகவே வைத்திருந்தால், தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னினால், அந்த வீடியோவைக் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

செலவையும் மறக்க வேண்டாம். மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இங்கே அரசு மருத்துவமனைக் கட்டணமே வேறு. முன்பே இருந்த கோளாறுக்குக் காப்புறுதி கிடைப்பதும் அரிது. நீங்கள் மலேசியக் குடிமக்கள் என்றால் வேறு சிக்கல்: 1993 ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, மலேசியா இல்லை, வழி உண்டா என்பதைத் தேசியப் பதிவிலாகாவிலும் சமூக நல இலாகாவிலும் முதலில் கேளுங்கள். தத்தெடுத்தாலே குழந்தைக்குக் குடியுரிமை வந்துவிடாது, அதற்குத் தனி விண்ணப்பம்.

அன்று மேசையிலிருந்தே நாலு கேள்வி எழுதி அனுப்பினார்கள். பதில் வந்துவிட்டது: கண் பரிசோதனை இரண்டு முறை நடந்திருக்கிறது, அறிக்கையும் இணைத்திருந்தார்கள். ஸ்கேனும் இருந்தது. காதுக்கு மட்டும் 'கை தட்டினால் திரும்புகிறாள்' என்று ஒரு வரி. அது பரிசோதனை இல்லை. தீவிர சிகிச்சையில் வாரக்கணக்கில் இருந்த குழந்தைக்கு, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்க்கும் சோதனைதான் வேண்டும். அதைச் செய்யச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறார்கள்.