ஜெர்மனியில் வாடகை வீடு: முதலில் கடிதம், பிறகுதான் பிளம்பர்

நம் ஊரில் குழாய் உடைந்தது என்று வீட்டுக்காரரை அழைத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நீங்களே ஆளை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளலாம்." அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனியில் வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே அப்படிச் செய்தால் கழிக்க எதுவும் இருக்காது. பிளம்பருக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

வீடு பிடிக்கும் சடங்குகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. அட்வான்ஸ் மூன்று மாதக் 'கால்ட்மீடெ'யைத் தாண்டக் கூடாது, அதாவது ஹீட்டர் (அறையைச் சூடாக்கும் கருவி), தண்ணீர்ச் செலவுகள் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதம். அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இது ஒன்றாவது ஆறுதல். சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவார்கள். ஒவ்வொரு கீறலையும் அதில் ஏற்றுங்கள், படம் எடுங்கள். பல வீடுகளில் பல்பு முதல் சமையலறை மேடை வரை முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அதற்கு யாரையும் திட்ட முடியாது, இங்கே அதுதான் வழக்கம்.

இனி பழுதுக்கு வருவோம். சட்டம் என்னவோ குடியிருப்பவர் பக்கம்தான். வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று ஜெர்மன் சிவில் சட்டத்தின் 535-ஆம் பிரிவு சொல்கிறது. ஹீட்டர், சுவருக்குள் ஓடும் குழாய், வெந்நீர்க் கருவி, ஜன்னல் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் பழுது இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. நம்மவர்கள் வழுக்குகிற இடம் இதுதான்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மதுரை நண்பர் ஒருவர் வழுக்கியதும் இங்கேதான். சனிக்கிழமை காலையில் வெந்நீர் வரவில்லை. வீட்டில் கைக்குழந்தை. கூகுளில் தேடி முதலில் வந்த எண்ணை அழைத்தார். வந்தவர் வெந்நீர்க் கருவியைத் திறந்தார், ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார், வார இறுதிக் கட்டணம், வந்துபோகும் கட்டணம் என்று சேர்த்து 420 யூரோவை அங்கேயே கார்டில் தேய்த்து வாங்கிக்கொண்டு போனார். திங்களன்று நண்பர் ரசீதை, வீட்டுக்காரர் சார்பில் கட்டடத்தைக் கவனிக்கும் வீட்டு நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்பினார். மூன்று வரியில் பதில் வந்தது: எங்களுக்குத் தெரிவிக்கவில்லை, ஆகவே தர இயலாது. இதற்கென்றே எங்களிடம் ஒப்பந்த நிறுவனம் உண்டு, அவசர எண் மாடிப்படி அருகே அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

பலகையில் இருந்தது உண்மைதான். அந்த எண்ணை அழைத்திருந்தால் அதே சனிக்கிழமை ஆள் வந்திருப்பார், நண்பருக்கு ஒரு சென்ட்கூடச் செலவாகியிருக்காது. மதுரையில் பக்கத்து வீட்டுக்காரரே படியேறி வந்து இதைச் சொல்லியிருப்பார். இங்கே மாடிப்படியில் எதிரே வந்த மூன்று பேரும் "ஹலோ" சொல்லிவிட்டுப் போனார்கள்.

நண்பர் விடவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் உறுப்பினராகி அங்குள்ள வழக்கறிஞரைப் பார்த்தார். எல்லாப் பெரிய ஊரிலும் 'மீட்டர்ஃபெரைன்' என்ற பெயரில் இந்தச் சங்கம் உண்டு. பிரச்சினை வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது. வழக்கறிஞர் ரசீதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்காரருக்குத் தெரிவித்துக் கெடு கொடுக்காமல் தானே பழுது பார்த்தவர் அந்தச் செலவைத் திரும்பக் கேட்க முடியாது என்று கார்ல்ஸ்ரூவேயில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்பளித்துவிட்டதாம். அந்த வழக்கு ஹீட்டர் பழுதைப் பற்றியது.

விதிவிலக்கு உண்டு. குழாய் வெடித்துத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்குகிறது, நிர்வாகத்தில் யாரும் எடுக்கவில்லை என்றால் காத்திருக்கத் தேவையில்லை. அப்போதும் முதலில் வால்வை மூடுங்கள், அழைத்துப் பார்த்ததற்கான அடையாளம் போனில் இருக்கட்டும்.

மற்றபடி எல்லாவற்றுக்கும் கடிதம்தான். என்ன பழுது, எப்போதிலிருந்து, படம், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். இந்த நான்கும் போதும். மின்னஞ்சல் செல்லும், பதில் வராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கெடு கடந்த பிறகு நீங்களே ஆளை வைத்தால் அந்தச் செலவைக் கேட்கும் உரிமை வந்துவிடும். இன்னொன்று: சமையலறையை முன்பு இருந்தவரிடம் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்தால் அந்த அடுப்பு உங்களுடையது, பழுதும் உங்களுடையது. ஒப்பந்தத்தில் வீட்டோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் வீட்டுக்காரருடையது.

சின்னப் பழுதுகளுக்கான ஒரு விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். குழாய்த் திருகு, சுவிட்ச், ஜன்னல் கைப்பிடி, ஷட்டரை இழுக்கும் பட்டை என்று நாம் தினமும் கைவைக்கும் பொருள்களுக்கு மட்டும், ஒரு தொகை வரை நாம் தர வேண்டும். அந்த வரம்பு பெரும்பாலும் 75 முதல் 120 யூரோவுக்குள் இருக்கும். ஆண்டு மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், வரம்பு 100 யூரோ, ரசீது 140 என்றால் நீங்கள் நூறும் வீட்டுக்காரர் நாற்பதும் இல்லை. முழு 140-உம் அவருடையது. ஆளை அழைத்துச் செய்யும் வேலையையும் உங்கள் தலையில் கட்டும் விதி செல்லாது என்று 1992-இலேயே அதே கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரம்பு எதுவும் எழுதாத விதியும் செல்லாது. இருந்தும் 250 யூரோ ரசீதில் 100 யூரோவை உங்களிடம் கேட்டுப் பார்ப்பார்கள். பணிவோடு, எழுத்தில், மறுத்துவிடுங்கள்.

சொல்லாமல் இருப்பதும் ஆபத்து. பாத்திரத் தொட்டிக்கு அடியில் சொட்டுகிறது, ஒரு டப்பாவை வைத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுவது நம் வீடுகளில் சகஜம். இங்கே மரத்தரை ஊறிப்போனால், தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று அந்தச் செலவு நம் பக்கம் திரும்பும். பூஞ்சையும் அப்படித்தான். இட்லி ஆவியும் அறைக்குள் காயும் துணியும் குளிர்காலத்தில் சுவரைக் கறுக்கவைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவரில் கசிவே இருந்தாலும் வீட்டுக்காரர் தரப்பு முதலில் சொல்வது "நீங்கள் ஜன்னலைச் சரியாகத் திறக்கவில்லை" என்பதுதான். காலையும் மாலையும் ஜன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று விடுங்கள். கறுப்பு தெரிந்த அன்றே படத்தோடு எழுதுங்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்திவிட வேண்டாம். பெரிய பழுதுக்கு வாடகை குறையும் என்பது சட்டம்தான், ஆனால் எவ்வளவு என்பதில் தவறினால் பாக்கி சேரும். இரண்டு மாத வாடகை பாக்கியானால் உடனடியாக வெளியேற்ற நோட்டீஸ் தர வீட்டுக்காரருக்கு வழி கிடைத்துவிடும். உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன் என்று எழுதிவிட்டு முழு வாடகையையும் கட்டுங்கள். கூடுதலாகக் கட்டியதைப் பிறகு சங்கத்தின் உதவியோடு கேட்டு வாங்கலாம்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டு சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் அது பழுது ஆகாது, பூட்டுத் திறப்பவருக்கு நீங்கள்தான் தர வேண்டும். ஒரு சாவியை நம்பகமான நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.

அக்டோபர் பிறந்ததும் எல்லா ஹீட்டரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எதாவது ஒன்று சூடாகவில்லை என்றால் அன்றே எழுதி அனுப்புங்கள். டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் போனை எடுக்க ஆள் கிடைப்பது அரிது.