நெடுந்தூரம் ஓடும் பிள்ளைகளும் நாம் விடும் பிழைகளும்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு உட்துறைமுக வீதியில் நின்றால் திருகோணமலையில் ஓடுகிற, நடக்கிற ஆட்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். சீனி வருத்தத்துக்காக நடக்கும் ஐயாமார், உடம்பைக் குறைக்க வந்து பாதி வழியில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள், அவர்களுக்கு நடுவே ஒரு பதினைந்து வயதுப் பொடியன். கால் தரையில் படும் சத்தமே கேட்காது. அப்படி ஒரு பிள்ளை வருடத்துக்கு ஒன்றாவது கண்ணில் படுகிறது. மூன்று வருடம் கழித்து அதே வீதியில் அதைத் தேடினால் இருக்காது.

சோம்பேறித்தனத்தால் ஓட்டத்தை விட்ட பிள்ளைகள் குறைவு. சுமாராக ஓடும் பிள்ளை, கோச் சொன்னதில் பாதியைச் செய்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு ஒன்றும் ஆகாது. கெட்டிக்காரப் பிள்ளைதான் சொன்னது எல்லாவற்றையும் செய்து முடிக்கும். அதனால் பிழையான பயிற்சியின் முழுப் பாரமும் அதன் தலையில்தான் விழும்.

தினமும் போட்டி வேகம்

பெரிய பிழை இதுதான், மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன. போன வருடம் அந்தப் பொடியனிடம் கேட்டேன்.

“தம்பி, இண்டைக்கு என்ன பயிற்சி?”

“மெல்ல… ஓட்டம்… மாமா.”

மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கையில் மணிக்கூடு, நேற்றைய நேரத்தை முந்த வேண்டும் என்ற அவசரம். நேற்றும் அப்படித்தான் ஓடியிருப்பான், நாளைக்கும் அப்படித்தான்.

1500 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு ஒட்சிசனைக் கொண்டு உண்டாகிறது. 5000 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட முழுவதுமே அப்படித்தான். அந்த ஒட்சிசனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நுண்குழாய்கள் தசைக்குள் பெருகுவதற்கும், இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தம் தள்ளப் பழகுவதற்கும் நிதானமான ஓட்டமே போதும். அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர வேண்டும். தினமும் வாயைப் பிளந்துகொண்டு ஓடினால் அந்தப் பலன் கூடுவதில்லை, களைப்புத்தான் கூடும். அப்புறம் உண்மையிலேயே வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் வராது.

கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். 5000 மீட்டரை 17 நிமிடத்தில் ஓடும் பையனின் போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 24 செக்கன். அவனுடைய சாதாரண நாள் ஓட்டம் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்தை ஒட்டி இருக்கலாம். அவனுக்கு அது வெட்கமாக இருக்கும், அவனைவிட மோசமான ஓட்டக்காரர் எல்லாம் முந்திக்கொண்டு போவார்கள். போகட்டும். பக்கத்தில் வருகிறவனோடு நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றி முழு வசனமாகக் கதைத்துக்கொண்டு ஓட முடிந்தால் வேகம் சரி. கிழமைக்கு இரண்டு நாள் கடினமாக ஓடினால் போதும், ஒரு நாள் முழு ஓய்வு.

அந்தக் கடினமான நாட்களுக்கு நம்மூரில் இடத்துக்குக் குறைவில்லை. பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் பாதை இருக்கிறதே, அதைவிட நல்ல ஏற்றப் பயிற்சி எங்கே கிடைக்கும்? பக்தர்களும் வாகனங்களும் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும், அவ்வளவுதான். மான்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் புல்லுக்குப் போய்விடும். உப்புவெளிக் கடற்கரையும் நல்லதுதான், ஆனால் சரிந்த மணலில் ஒரே பக்கமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் பாரம் கூடும். போன தூரமே திரும்பி வந்தால் சமனாகிவிடும்.

முதல் சுற்றில் காட்டும் வீரம்

மூன்றாம் சுற்றில்தான் 1500 மீட்டரின் உண்மையான முகம் தெரியும். 4 நிமிடம் 20 செக்கனில் முடிக்க ஆசைப்படும் பிள்ளை 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 69 செக்கனை ஒட்டி ஓட வேண்டும். நான் மணிக்கூடு பிடித்த ஒரு ஓட்டத்தில் முதல் சுற்று 61. இல்லக் கொடியோடு நின்ற பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டாம் சுற்று 71, மூன்றாவது 77. கடைசி 300 மீட்டரைத் தோள் காதுக்கு ஏறிய கோலத்தில் 61 செக்கனில் இழுத்துக்கொண்டு வந்தான். மொத்தம் 4:30. முதல் சுற்றில் மிச்சம் பிடித்த எட்டு செக்கனுக்குப் பின்னால் பதினெட்டு செக்கன் வட்டி கட்டியிருக்கிறான். 1998 இல் மொரோக்கோ வீரர் ஹிஷாம் எல் கெரூஜ் ஓடிய உலக சாதனையே 3:26.00 தான், சராசரியாகச் சுற்றுக்கு 55 செக்கன். அதோடு ஒப்பிட்டால் நம்முடைய 61 எவ்வளவு பெரிய துணிச்சல் என்று விளங்கும்.

பாடசாலை மைதானத்தில் இது இன்னும் சிக்கலாகும். சுண்ணாம்பு போட்ட புல்வெளிச் சுற்று பல இடங்களில் 400 மீட்டர் இருக்காது. ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று போட்டிக்கு முதல் நாளே கேட்டு, ஒரு சுற்றுக்கு எத்தனை செக்கன் என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்ளலாம். வளைவில் வைத்து முந்துவதும் நட்டம். 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்று முழுக்க இரண்டாம் சுவட்டில் ஓடினால் ஏழரை மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருப்பீர்கள். நேர்க்கோட்டுக்கு வரும்வரை பொறுத்தால் அது மிச்சம்.

எல்லாவற்றுக்கும் அவனைப் போடு

இந்தப் பிழை பிள்ளையுடையது இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் கிழமையை எழுதிப் பாருங்கள். முதலில் வீதியில் மரதன் ஓட்டம் (உண்மையான மரதன் 42.195 கிலோமீட்டர், நாம் அந்தப் பெயரில் ஓட விடுவது சில கிலோமீட்டர்தான், ஆனால் தார் வீதியில், முழு வேகத்தில்). அடுத்து 1500 மீட்டர் தெரிவு. பிறகு 800. இறுதி நாளில் இரண்டும், அதோடு அஞ்சல் ஓட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று இல்லத் தலைவர் வந்து தோளில் கை போடுவார். பிள்ளை மாட்டேன் என்று சொல்லாது. இல்லத்துக்காக ஓடுவது ஒரு பெருமை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அந்தப் பெருமையில் ஓடியவன்.

ஆனால் வலயம், மாகாணம், அகில இலங்கை என்று முன்னால் இன்னும் படிகள் இருக்கின்றன. இல்லப் போட்டியில் ஐந்து கிண்ணம் எடுத்த பிள்ளை வலய மட்டத்துக்கு வரும்போது கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! வருடத் தொடக்கத்திலேயே பெற்றோரும் பயிற்றுவிப்பாளரும் உட்கார்ந்து, இந்த வருடம் எந்த இரண்டு போட்டி முக்கியம் என்று முடிவு செய்துவிட வேண்டும். மற்றவற்றில் ஓடலாம், பயிற்சிக்குப் பதிலாக ஓடலாம். அந்தக் கிழமை பயிற்சிக்கு மேலதிகமாக ஓடினால்தான் கதை கந்தலாகும்.

எலும்பு நோவும் ‘நடந்தால் சரியாகிவிடும்’ வைத்தியமும்

எனக்கு அப்போது பதினேழு வயது. முன்கால் எலும்பின் உட்பக்கத்தில் ஒரு நோவு. ஓடத் தொடங்கும்போது இருக்கும், சூடேறினால் மறைந்துவிடும். மறைகிறதே என்று ஓடினேன். இரண்டு மாதத்தில் மறையாமல் போனது. பிறகு படுக்கையிலும் நொந்தது. ஒரு இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகும். அப்போதும் ஒருவர் தைலம் தந்தார், ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு என்றார். அந்த வருட மாகாணப் போட்டியைப் பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்தேன்.

தசை நோவும் எலும்பு நோவும் ஒன்றில்லை. தசை நோவு பரந்து இருக்கும், இரண்டு மூன்று நாளில் குறையும். ஒரு புள்ளியில் குத்தி, ஓய்விலும் இரவிலும் இருந்தால் எலும்பில் வெடிப்பு இருக்கலாம். அதற்குத் தைலம் பிரயோசனமில்லை, வைத்தியரிடம்தான் போக வேண்டும். உயரம் சட்டென்று கூடும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு முடிச்சுப்போல வீங்கி நோவதும் உண்டு. ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் அடங்கிவிடும், அதுவரை பயிற்சியைக் குறைக்க வேண்டும். ஓடும் தூரத்தை ஒரே கிழமையில் இரட்டிப்பாக்குவது இந்த எல்லா நோவுக்கும் அழைப்பிதழ் கொடுப்பது மாதிரி.

சாப்பாடு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு

மெலிந்தால் வேகம் வரும் என்ற எண்ணம் நம் மைதானங்களுக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013 இல், பதினேழு வயதில், உலக மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீட்டர் இறுதி ஓட்டம்வரை போனவர். எடையைக் குறை, இன்னும் குறை என்று நெருக்கியதில் மாதவிடாய் மூன்று வருடம் நின்று, எலும்புகள் ஐந்து முறிந்ததாக 2019 இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஓடும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நிற்பதைப் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் அம்மாமாரும் இருக்கிறார்கள். உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதில் உடம்பு மாறும்போது ஒரு வருடம் நேரம் முன்னேறாமல் நிற்பது வழமை. அந்த வருடத்தில் பிள்ளையைத் திட்டி விரட்டிவிடுகிறோம்.

நன்றாகச் சாப்பிட்டும் தூங்கியும் பிள்ளை சோர்ந்தே இருந்தால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம். நம் களப்பு மட்டியில் இரும்புச்சத்து நிறைய இருக்கிறது. தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இன்னும் நன்றாகச் சேரும். கடையில் பெரிய டப்பாவில் விற்கும் சத்து மாவுக்குச் செலவழிக்கும் காசில் எத்தனை கிலோ மட்டி வாங்கலாம் என்று யோசிக்கிறேன்.

தூக்கமும் சாப்பாடு மாதிரித்தான். இந்த வயதில் எட்டு மணித்தியாலமாவது வேண்டும். இரவு டியூசன் முடிந்து வந்து பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளையை ஐந்து மணிக்கு எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்புவதைவிட, அன்றைக்குத் தூங்க விட்டு மாலையில் ஓட விடலாம்.

கச்சான் காலம்

வெளியூர்க்காரர் கச்சான் என்றால் கடலையைத் தேடுவார்கள். நமக்கு அது வருட நடுவில் மேற்கே இருந்து வரும் காய்ந்த சூட்டுக் காற்று. வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடும், அதனால் பிள்ளைக்குத் தாகமும் பிந்தித்தான் தெரியும். போட்டிகள் மேலே ஏறும் காலமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. காலை ஏழுக்குப் பிறகும் மாலை ஐந்துக்கு முன்பும் நீண்ட ஓட்டம் வேண்டாம். பகல் போட்டி என்றால் நிழலில் இருந்து, வோமப்பைச் சுருக்கி, ஓடுவதற்குச் சற்று முன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஓடும்போது பிள்ளைக்குக் குளிர் நடுக்கமோ பேச்சுக் குழறலோ வந்தால் உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

கொழும்புக்குப் போகும்போது

புல்லில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளை சுகததாச மைதானத்தின் செயற்கைச் சுவட்டில் முதல் தடவையாகக் கால் வைக்கும் நாளும் போட்டி நாளும் ஒன்றாகிவிடுகிறது. அதோடு முதல் நாள் வாங்கிய ஸ்பைக்ஸ். குதிக்கால் கொப்பளிக்காமல் என்ன செய்யும்? இரவல் வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு மாதத்துக்கு முன்னரே வாங்கி, கிழமைக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் போட்டு ஓடிப் பழக வேண்டும். செயற்கைச் சுவட்டில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கக் கூடாது, சோதனையில் கழற்றச் சொல்வார்கள். மாற்று ஆணியும் திருகும் சாவியும் பையில் இருக்கட்டும். இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி அன்றே ஓட வைப்பதைவிட ஒரு நாள் முந்திப் போவது நல்லது. உறவுக்காரர் வீட்டில் தங்கினால் அவர்கள் அன்போடு கொத்து ரொட்டி வாங்கித் தருவார்கள். போட்டி முடிந்து வாங்கித் தாருங்கோ மாமி என்று சொல்லிவிட்டு, பழகின சோற்றையோ இடியப்பத்தையோ ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னால் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு இரண்டு கிழமை சப்பாத்தைத் தொட வேண்டாம். டச்பேயில் போய்க் குளிக்கட்டும், பந்தடிக்கட்டும். அந்தப் பொடியனுக்கும் இதைத்தான் சொன்னேன். நாலாம் நாள் காலை உட்துறைமுக வீதியில் அவனைக் கண்டேன். மணிக்கூடு கட்டவில்லை, மெல்லத்தான் ஓடுறேன் மாமா என்றான். இந்தத் தடவை ஒரே மூச்சில் சொன்னான்.